திருகையும் முளையும்

குவாண்டம் குலங்களின் கட்டற்ற செயல்களைப் படிக்கப் போகிறோம் என்று இந்த ஆண்டும் சிலர் வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்தில் வருகிற கேள்வியும் மாறவில்லை: “புள்ளியே இல்லாத வெளியில், எந்தப் புள்ளியும் நிலைத்து நிற்கவில்லை என்று எப்படி ஐயா சொல்வது?” நல்ல கேள்வி. வாயால் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதித் தருகிறேன். எண் போட்டிருக்கிறேனே தவிர எல்லா எண்ணுக்கும் ஒரே எடை இல்லை. மூன்றாவதையும் ஐந்தாவதையும் மட்டும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து படியுங்கள்.

1. சொல்லை முதலில் அதன் பழைய வீட்டில் பாருங்கள்.

திருகை பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஊருக்குப் போகும்போது பரணிலோ கொல்லைப்புறத்திலோ தேடுங்கள். அடிக்கல்லின் நடுவில் ஒரு முளை. மேல்கல் அதைச் சுற்றி ஓடும். மேல்கல்லில் எங்கே ஓர் உளுந்தை வைத்தாலும் கல் திரும்பும்போது அது இடம் மாறும். முளை நிற்கிற நடுப்புள்ளி மட்டும் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அங்கேயே இருக்கும். அந்த ஒரு புள்ளியால்தான் வட்டத்தட்டின் மேல் சுழற்சிக் குலத்தின் செயல் கட்டற்றது ஆகவில்லை. நடுவைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டால், மிஞ்சுகிற வளையத்தின் மேல் அதே செயல் கட்டற்றது.

‘கட்டற்ற’ என்றதும் உங்கள் வயதுக்காரர்களுக்கு மென்பொருள்தான் ஞாபகம் வரும். இங்கே பொருள் வேறு. அலகு உறுப்பைத் தவிரக் குலத்தின் எந்த உறுப்பும் எந்தப் புள்ளியையும் இருந்த இடத்தில் விட்டுவைக்காது என்பதுதான்.

இதை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறோம்? குலம் சுற்றிவரும் பாதைகளை ஒவ்வொரு புள்ளியாகச் சுருக்கினால் ஈவுவெளி கிடைக்கும். செயல் கட்டற்றதாக இருந்தால் அந்த ஈவு ஒழுங்காக வரும். முப்பரிமாணக் கோளத்தை வட்டங்களாகப் பிரித்தால் சாதாரணக் கோளம் ஈவாக வரும் என்று ஹைன்ஸ் ஹாப்ஃப் 1931-ல் காட்டியது இதற்கு அழகான உதாரணம். கச்சிதமான லீ குலம் கட்டற்றுச் செயல்பட்டால், பெரிய வெளி உள்ளூரளவில் நேர்ப்பெருக்கம் போலவே இருக்கும் என்று கிளீசன் 1950-ல் நிறுவினார். கட்டற்றதாக இல்லாவிட்டால்? டோரஸ் வளையத்தில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் எதிர்மறைக்கு அனுப்புங்கள். நான்கு புள்ளிகள் நகராமல் நிற்கும். ஈவை எடுத்துப் பாருங்கள்: தலையணை உறை, நான்கு கூரிய மூலைகளோடு.

2. அம்பு திரும்புகிற இடத்தைக் கவனியுங்கள்.

கெல்ஃபாண்டும் நைமார்க்கும் 1943-ல் சொன்னதிலிருந்துதான் நம் தொழிலே தொடங்குகிறது. கச்சிதமான வெளி ஒன்றை, அதன் மேலுள்ள தொடர்ச்சியான சார்புகளின் இயற்கணிதத்திலிருந்து முழுக்க மீட்டுவிடலாம். அந்த இயற்கணிதம் பரிமாற்று விதிக்கு உட்பட்டது. பரிமாற்று விதியை விட்டுவிட்டு, சி-ஸ்டார் இயற்கணிதம் எதுவாக இருந்தாலும் ‘இதுவும் ஒரு வெளியின் சார்புகள்தான்’ என்று பாவிப்பது பரிமாறா வடிவியல். பாவனை என்று சொல்கிறேன், பொய் என்று சொல்லவில்லை.

புள்ளி போய்விட்டது. கட்டற்ற தன்மையை எதில் பிடிப்பது? வெளியின் ஒரு புள்ளியையும் குலத்தின் ஓர் உறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இணையை, ‘புள்ளி, புள்ளி நகர்ந்து சேர்ந்த இடம்’ என்ற இணைக்கு அனுப்புங்கள். செயல் கட்டற்றது என்பதும் இந்த அனுப்புகை ஒன்றுக்கு ஒன்றானது என்பதும் ஒன்றே. இப்போது சார்புகளின் பக்கம் வாருங்கள். அங்கே அம்பு திரும்பிவிடும். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பது ‘போதுமான அளவு நிரப்புகிறது’ என்று மாறும். ஸ்டோன்–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் அதற்குப் பொறுப்பு. புள்ளி என்ற சொல் வாக்கியத்திலிருந்து காணாமல் போனதைப் பார்த்தீர்களா? இப்படி எழுதிவிட்டால் பரிமாற்று விதி இல்லாவிட்டாலும் வாக்கியம் உயிரோடு இருக்கும். குலத்தின் இடத்தில் குவாண்டம் குலம் வந்தாலும் இருக்கும். டேவிட் எல்வுட் 2000-ல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: இயற்கணிதத்தின் ஓர் உறுப்பையும், செயலால் விரிந்த இன்னோர் உறுப்பையும் பெருக்கி, அப்படிப்பட்டவற்றையெல்லாம் கூட்டினால், இயற்கணிதமும் குவாண்டம் குலத்தின் சார்புகளும் சேர்ந்த டென்சர் பெருக்கத்தில் அவை அடர்த்தியாகப் பரவ வேண்டும். பரவினால் செயல் கட்டற்றது.

இந்த வாதத்தை முழுக்க எழுதினால் இரண்டு பக்கம் வரும். அடுத்தவர் குறிப்பேட்டிலிருந்து பார்த்து எழுதாமல் நீங்களே எழுதுங்கள்.

3. இரண்டு பக்கமும் பாருங்கள். நான் பார்க்காமல் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

குலம் வட்டமாக இருந்தால் எல்வுட்டின் நிபந்தனை இன்னும் எளிதாகும். வட்டத்தின் செயல் இயற்கணிதத்தைப் படிப்படியாகப் பிரித்துவிடும்: 0-ஆம் படி, 1-ஆம் படி, கழித்தல் 1-ஆம் படி என்று இரு திசையிலும் போகும். 0-ஆம் படியில் இருப்பவை அசையாதவை, அதாவது ஈவுவெளியின் சார்புகள். நிபந்தனை இதுதான்: 1-ஆம் படி உறுப்புகளை முன்னால் வைத்து, கழித்தல் 1-ஆம் படி உறுப்புகளைப் பின்னால் வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 1 என்ற அலகு கிடைக்க வேண்டும். வரிசையை மாற்றிப் பெருக்கினாலும் கிடைக்க வேண்டும். பரிமாற்று விதி உள்ள இடத்தில் இரண்டும் ஒன்றே. இங்கே இரண்டும் வேறு.

இளவயதில், ஒரு வெளியூர்க் கருத்தரங்கில் டோப்ளிட்ஸ் இயற்கணிதத்தைப் பற்றிப் பேசினேன். அதைக் குவாண்டம் வட்டத்தட்டு என்பார்கள். அதைப் பிறப்பிக்கும் நகர்த்தியை மனக்கண்ணில் காண ரேஷன் கடை வரிசை போதும், முடிவில்லாத வரிசையாக இருந்தால். நகர்த்தி எல்லோரையும் ஓரிடம் பின்னுக்குத் தள்ளும். முதல் இடம் காலியாகும். அதன் ஸ்டார் எல்லோரையும் ஓரிடம் முன்னுக்கு இழுக்கும். முதல் ஆள் வரிசையை விட்டே விழுந்துவிடுவார். முதலில் பின்னுக்குத் தள்ளி, பிறகு முன்னுக்கு இழுத்தால் எல்லோரும் பழைய இடத்தில். ஆக ஸ்டார் × நகர்த்தி = 1. நகர்த்தி 1-ஆம் படி, ஸ்டார் கழித்தல் 1-ஆம் படி. கரும்பலகையில் இதை எழுதி, ‘எனவே செயல் கட்டற்றது’ என்று ஒரு பெட்டியும் போட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார், சத்தமில்லாமல், “அந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கம் என்ன ஆகிறது? முதலில் முன்னுக்கு இழுக்கிறோம், முதல் ஆள் போய்விட்டார். பிறகு பின்னுக்குத் தள்ளினாலும் அவர் திரும்ப மாட்டார். 1-ஆம் படியில் உள்ள எந்த உறுப்பும், நகர்த்தியை 0-ஆம் படி உறுப்பு ஒன்றோடு பெருக்கியதுதான். ஆகவே அந்த வரிசையில் எத்தனை பெருக்கங்களைக் கூட்டினாலும் முதல் இடத்தில் சுழிதான். 1-லிருந்து அதன் தூரம் குறைந்தது 1, நெருங்கக்கூட முடியாது. செயல் கட்டற்றது இல்லை.

இல்லாமல்தானே இருக்கும்! அது வட்டத்தட்டு. தட்டின் நடுவில் முளை உண்டு. புள்ளிகள் இல்லாத இயற்கணிதத்தில் அந்த முளை, வரிசையின் முதல் ஆளாக வேஷம் கட்டி நின்றிருக்கிறது. கச்சித ஆபரேட்டர்களை வகுத்து நீக்கிவிட்டால் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்ற பேச்சே போய், நகர்த்தி இருபுறமும் நேர்மாறு உள்ளதாகிவிடும். விளிம்பு வட்டம் மட்டும் மிஞ்சும். அங்கே செயல் கட்டற்றது. வீட்டுத் திருகையை முன்கூட்டி நினைத்திருந்தால் அன்று பெட்டி போட்டிருக்க மாட்டேன்.

4. வொரோனோவிச்சின் இரண்டு வரிகளை மனப்பாடம் செய்யுங்கள்.

வார்சாவில் இருந்த ஸ்டனிஸ்வாஃப் வொரோனோவிச் 1987-ல் கச்சிதமான குவாண்டம் குலங்களுக்கு அடித்தளம் போட்டார். அதே ஆண்டு அவர் தந்த உதாரணம்தான் குவாண்டம் எஸ்யூ-2. க்யூ என்ற எண்ணை 0-க்கும் 1-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பிகள் இரண்டு, ஆல்ஃபா, காமா. விதிகள் பல உண்டு; நமக்கு வேண்டியவை இரண்டு:

ஆல்ஃபாஸ்டார் × ஆல்ஃபா + காமாஸ்டார் × காமா = 1
ஆல்ஃபா × ஆல்ஃபாஸ்டார் + க்யூ² × காமா × காமாஸ்டார் = 1

வட்டக் குலம் ஆல்ஃபாவையும் காமாவையும் ஒரே கோணத்தில் சுழற்றட்டும். இரண்டும் 1-ஆம் படிக்குப் போகும், ஸ்டார்கள் கழித்தல் 1-ஆம் படிக்குப் போகும். இப்போது மேலே உள்ள வரிகளைத் திரும்பப் படியுங்கள். முதல் வரி ஒரு பக்கம், இரண்டாம் வரி மறுபக்கம். நிரூபணம் முடிந்தது. இலக்கணமாகக் கொடுத்த விதிகளே சாட்சி சொல்லிவிட்டன. இதை முதன்முதலில் கண்டபோது இதற்கா இவ்வளவு பக்கங்கள் புரட்டினோம் என்று சிரித்தேன்.

அசையாமல் மிஞ்சுவது பியோட்டர் போட்லேஷ் 1987-ல் அறிமுகப்படுத்திய குவாண்டம் கோளங்களில் ஒன்று. அதாவது இது ஹாப்ஃபின் 1931-ஆம் ஆண்டுப் படத்தின் குவாண்டம் உருவம். க்யூவை 1 ஆக்கினால் பழைய படம் அப்படியே திரும்பி வரும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆல்ஃபாவை மேலேயும் காமாவைக் கீழேயும் வைத்து ஒரு நெடுவரிசை செய்யுங்கள். அதன் ஸ்டாரை முன்னால் வைத்துப் பெருக்கினால் முதல் வரியின்படி 1. பின்னால் வைத்துப் பெருக்கினால் 2×2 அணி. அதன் நான்கு உறுப்புகளும் 0-ஆம் படியில், அதாவது கோளத்தின் சார்புகளாக இருக்கும். அந்த அணியை வர்க்கம் எடுத்தால் அதுவே திரும்ப வரும். கோளத்தின் மேல் ஒரு கோட்டுக் கற்றை உங்கள் கையில் இருக்கிறது. இயற்பியலார் காந்த ஒற்றைமுனை என்று பேசுவதன் குவாண்டம் வடிவத்தை ஹயாட்ஸும் மஜீதும் 1999-ல் இப்படித்தான் அணியாக எழுதிக் காட்டினார்கள். கட்டற்ற செயலால் என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்டால் இந்த அணியைக் காட்டுங்கள்.

5. புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள்.

மூன்றாவதில் திருகையை நினையுங்கள் என்றேன். இப்போது அதே வாயால் மறக்கச் சொல்கிறேன்.

2×2 அணிகள் எல்லாம் சேர்ந்த இயற்கணிதத்தை எடுங்கள். மூலைவிட்டத்தில் 1, கழித்தல் 1 உள்ள அணியை இருபுறமும் வைத்துப் பெருக்குவது ஒரு செயல்; இரண்டு முறை செய்தால் பழையபடி ஆகிவிடும். ஆக இரண்டு உறுப்புள்ள குலம் செயல்படுகிறது. மூலைவிட்ட உறுப்புகள் அசையாது. எதிர்மூலை உறுப்புகள் குறி மாறும், அவை ஒற்றைப் படி. குறி மாறுகிறவற்றில் ஒன்றை எடுங்கள்: எதிர்மூலைகளில் 1, 1, மற்ற இடங்களில் 0. அதை வர்க்கம் எடுங்கள். அலகு அணி. ஒற்றைப் படியும் ஒற்றைப் படியும் சேர்ந்து 1-ஐத் தந்துவிட்டன. எல்வுட்டின் பொருளில் செயல் கட்டற்றது.

இதில் என்ன அதிசயம்? அணி இயற்கணிதத்தை நாம் மொரீட்டா சமானத்தின் கண்ணால் பார்த்தால் அது ஒரே ஒரு புள்ளி. ஒரே புள்ளியின் மேல் இரண்டு உறுப்புக் குலம் கட்டற்றுச் செயல்படுகிறது! அசையாத பகுதியோ மூலைவிட்ட அணிகள், அதாவது இரண்டு புள்ளிகள். ஒரு புள்ளியை ஈவு எடுத்தால் இரண்டு புள்ளி. இதைக் கேட்டுத் தலை சுற்றாதவர் இன்னும் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை.

முதல் எண்ணில் சொன்ன தலையணை உறையும் இதேபோல்தான். டோரஸின் குவாண்டம் உருவத்தில் இரண்டு யூனிட்டரிகள் பரிமாறாமல், ஒரு கோணத்தை இடையில் விட்டு இடம் மாறும். கோணம் விகிதமுறாததாக இருந்தால், இரண்டு யூனிட்டரிகளையும் அவற்றின் நேர்மாறுக்கு அனுப்புகிற புரட்டலும் இதே பொருளில் கட்டற்றதுதான். பழைய டோரஸின் நான்கு மூலைகளும் எங்கே போயின என்று கேட்டால், கரைந்துவிட்டன என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. இயற்கணிதம் எளியது, அதாவது உள்ளே ஐடியல் எதுவும் இல்லை. மூலை ஒளிந்திருக்க இடம் இல்லை.

இதனால் ஒரு தொல்லை வரும். கட்டுரைகளில் ‘கட்டற்றது’ என்ற ஒரே பெயரில் நான்கைந்து பேர் உலாவுகிறார்கள். ரீஃபெல் நிறைவுற்றது என்பார். ஒருவர் வெளிச்செயலாக இருக்க வேண்டும் என்பார். மேலே பார்த்த 2×2 செயல் உட்செயல், அவர் வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. ரோக்லின் பண்பு கேட்பவர் இன்னும் கறார். கிறிஸ் பிலிப்ஸ் 1987-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தெருவில் குமார் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ‘எந்த வீட்டுக் குமார்’ என்று முதல் பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் என்று கேட்காமல் இரண்டு கட்டுரைகளின் தேற்றங்களை ஒட்டிப் போட்டதால் ஆறு மாத வேலையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவனை நன்றாகவே தெரியும்.

6. இயற்கணிதக்காரர்களையும் பகுப்பாய்வுக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

நம் ஆட்கள் நெறி, அடர்த்தி, முழுமை என்று பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஹாப்ஃப் இயற்கணிதக்காரர்கள் இதே பொருளுக்கு வேறு பாதை போட்டிருந்தார்கள். ஹாப்ஃப்–காலுவா விரிவு என்ற கருத்தை கிரைமரும் டக்கெயூச்சியும் 1981-ல் எழுதினார்கள். ஷ்னைடர் 1990-ல் அதை வலுப்படுத்தினார். பிரெஜின்ஸ்கியும் மஜீதும் 1993-ல் அதன் மேல் குவாண்டம் முதன்மைக் கற்றைகளைக் கட்டினார்கள். அவர்கள் அடர்த்தியோடு திருப்தி அடைய மாட்டார்கள். குறிப்பிட்ட ஓர் அனுப்புகை ஒன்றுக்கு ஒன்றாகவும் முழுவதும் நிரப்புவதாகவும் இருந்தே தீர வேண்டும்.

அடர்த்தி என்பது தளர்வான நிபந்தனை, இது இறுக்கமானது. இரண்டும் ஒன்றாகுமா? பால் பாம், கென்னி டி கொம்மர், பியோட்டர் ஹயாட்ஸ் மூவரும் 2017-ல் வெளியான கட்டுரையில் ஆகும் என்று காட்டினார்கள். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. முழு சி-ஸ்டார் இயற்கணிதத்தில் அல்ல, அதற்குள் இருக்கும் பீட்டர்–வைல் துணை இயற்கணிதத்தில் பார்க்க வேண்டும். வட்டக் குலமானால் அது படிகளின் முடிவுள்ள கூட்டல்கள். பொதுவாக, குவாண்டம் குலத்தின் முடிவுள்ள பரிமாணப் பிரதிநிதித்துவங்களுக்குள் அடங்குகிற உறுப்புகள். அங்கே அடர்த்தி இருந்தால் இறுக்கமும் தானாக வந்துவிடும். கூடை முழுக்க மாவைப் பார்க்காமல் சலித்த மாவைப் பார்ப்பது போல.

இந்தத் தேற்றம் தெரிந்தபின் என் மாணவர்கள் எல்லாவற்றையும் இயற்கணிதமாகவே செய்ய ஆசைப்படுகிறார்கள். செய்யுங்கள். ஆனால் நெறியை முழுக்க மறந்தால் மூன்றாவதில் சொன்ன ‘தூரம் குறைந்தது 1’ போன்ற வாதங்கள் உங்கள் கையை விட்டுப் போகும்.

7. தலையை எண்ணுங்கள்.

பெரிய இயந்திரத்தைக் கிளப்புமுன் பரிமாணத்தை எண்ணிப் பார்க்கலாம். முடிவுள்ள பரிமாண இயற்கணிதத்தின் மேல் கட்டற்றுச் செயல்படுகிற குவாண்டம் குலத்தின் பரிமாணம் இயற்கணிதத்தின் பரிமாணத்தை மிஞ்ச முடியாது. மூன்று புள்ளிகள், ஆறு வரிசைமாற்றங்கள்: கட்டற்றதாக இருக்க வழியே இல்லை. ஷுஜோ வாங் 1998-ல் முடிவுள்ள புள்ளிகளின் குவாண்டம் வரிசைமாற்றக் குலத்தைத் தந்தார். மூன்று புள்ளி வரை புதிதாக ஒன்றும் இல்லை. நான்கு புள்ளி வந்தவுடன் அந்தக் குலத்தின் இயற்கணிதம் முடிவில்லாப் பரிமாணம் ஆகிவிடுகிறது. நான்கு புள்ளியின் மேல் அது கட்டற்றதா என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள்.

8. எந்த முழுமை என்று எழுதுங்கள்.

குவாண்டம் குலத்தின் சார்புகளுக்குப் பெரிய சி-ஸ்டார் முழுமையும் உண்டு, சிறியதும் உண்டு. குவாண்டம் எஸ்யூ-2-க்கு இரண்டும் ஒன்றே என்பதால் அங்கேயே பழகியவர்கள் இதை மறந்துவிடுவார்கள். எல்லாக் குவாண்டம் குலத்துக்கும் அப்படி அல்ல.

9. பழைய தேற்றத்தை முகவரி மாற்றாமல் அனுப்பாதீர்கள்.

அலகின் மடங்குகளைத் தவிர எதுவும் அசையாமல் நிற்காத செயலை எர்கோடிக் என்போம். பழைய கச்சிதக் குலங்களுக்கு ஹோ-குரோன், லாண்ட்ஸ்டட், ஸ்டோர்மர் மூவரும் 1981-ல் அழகான முடிவு தந்தார்கள்: அசையாத நிலை ட்ரேஸ் ஆகவே இருக்கும், பிரதிநிதித்துவம் ஒவ்வொன்றும் தன் பரிமாணத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வராது. குவாண்டம் பக்கம் வந்ததும் முதல் பாதியே இடிந்துவிடும். குவாண்டம் எஸ்யூ-2 தன் மேலேயே செயல்படும்போது அசையாத நிலை வொரோனோவிச்சின் ஹார் நிலை. அது ட்ரேஸ் அல்ல. இரண்டாம் பாதியோ? புளோரின் போக்கா 1995-ல், பரிமாணத்துக்குப் பதில் குவாண்டம் பரிமாணம் என்ற எல்லையைப் போட்டார். சரி, பழைய எல்லையும் எப்படியோ தாக்குப்பிடிக்கும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பிஷோன், டி ரைட், வாஸ் மூவரும் 2006-ல் பழைய எல்லையைத் தாண்டுகிற உதாரணங்களையே கட்டிக் காட்டினார்கள்.

அந்தக் கட்டுரை கட்டற்ற செயல்களுக்கும் பெரிய திறவுகோல். எர்கோடிக்காகவும் கட்டற்றதாகவும் இருக்கும் செயல் என்றால், குவாண்டம் குலத்தின் பிரதிநிதித்துவங்களை முடிவுள்ள பரிமாண ஹில்பர்ட் வெளிகளாகப் பார்க்க இன்னொரு வழி என்று பொருள். ஒரே வகைமையை இரண்டு கண்ணாடி போட்டுப் பார்ப்பது. முதல் வருடத்தில் இது புரியாது. புரியவில்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். இரண்டாம் வருடம் திரும்ப எடுங்கள்.

10. எல்லாம் வார்சாவில்தான் நடக்கிறது என்று நினைக்காதீர்கள்.

கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தேபாஷிஷ் கோஸ்வாமி 2009-ல் தூரம் குலையாத குவாண்டம் சமச்சீர்களின் குலத்தை வரையறுத்தார். பார்த்தசாரதி சக்ரவர்த்தியும் அரூப்குமார் பாலும் 2003-ல் குவாண்டம் எஸ்யூ-2-க்குச் சமச்சீர் குலையாத நிறமாலை மும்மை கண்டார்கள்; அதுவரை பலர் அப்படி ஒன்று கிடைக்குமா என்றே சந்தேகப்பட்டிருந்தார்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் ஆபரேட்டர் இயற்கணிதத்தை வளர்த்த வி. எஸ். சுந்தர் 1987-ல் எழுதிய வான் நாய்மன் இயற்கணித அறிமுக நூல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அட்டை போய்விட்டது, இரண்டாம் அத்தியாயம் தனியாக வருகிறது. மெல்லிய நூல்தான். தடித்த நூல்களுக்கு முன் அதை எடுங்கள்.

11. பெரிய கேள்வி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

போர்சுக் 1933-ல் வெளியிட்ட தேற்றத்தைக் கல்லூரியிலேயே கேட்டிருப்பீர்கள். இந்த நொடியில் பூமியில் நேர் எதிரெதிரான ஏதோ இரண்டு இடங்களில் வெப்பமும் காற்றழுத்தமும் ஒன்றாகவே இருக்கும். (சென்னைக்கு நேர் எதிர் பசிபிக் கடலின் நடுவே விழும், அங்கே வெப்பமானி வைக்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.) அதையே நம் மொழியில் சொல்லலாம். எதிர்முனைக்குத் தாவுவது கோளத்தின் மேல் இரண்டு உறுப்புக் குலத்தின் கட்டற்ற செயல். கோளத்தையும் அந்தக் குலத்தின் இரண்டு உறுப்புகளையும் இணைத்துக் கூடாரம் கட்டினால் ஒரு பரிமாணம் கூடிய கோளம் வரும். அந்தப் பெரிய கோளத்திலிருந்து சின்னக் கோளத்துக்கு, தாவலை மதிக்கிற தொடர்ச்சியான அனுப்புகை கிடையாது. தேற்றம் அவ்வளவுதான்.

பாம், டொம்ப்ரோவ்ஸ்கி, ஹயாட்ஸ் மூவரும் 2015-ல் கேட்டார்கள்: கோளத்துக்குப் பதில் அலகுள்ள எந்த சி-ஸ்டார் இயற்கணிதமும், இரண்டு உறுப்புக் குலத்துக்குப் பதில் அற்பமல்லாத எந்தக் கச்சிதக் குவாண்டம் குலமும் வரட்டும், செயல் கட்டற்றதாக இருக்கட்டும், அப்போதும் அப்படி அனுப்புகை கிடையாதா? கிடையாது என்றே அவர்கள் ஊகித்தார்கள். கூடாரத்தைப் பரிமாறா உலகில் எப்படிக் கட்டுவது என்பதே தனி வித்தை. ‘கட்டற்றது’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் ஊகம் உடனே சரிந்துவிடும். முளை ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் அந்த முளைக்கே அனுப்பிவிடலாம், அது எந்தச் செயலையும் மதிக்கும். ஏன் சரிகிறது என்று நீங்களே இயற்கணிதத்தில் எழுதிப் பார்த்தால் இந்தத் துறையின் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி எனக்கும் பாக்கி இருக்கிறது.

12. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரும்போது இந்தக் கணக்கோடு வாருங்கள்.

ஐந்தாவதில் பார்த்த அதே 2×2 அணிகள். இப்போது மூலைவிட்டத்தில் 1-ம், ஒன்றின் கனமூலமான கலப்பெண் ஒன்றும். குலத்தில் மூன்று உறுப்புகள். செயல் கட்டற்றதா? பிறகு அதையே 3×3 அணிகளில், மூலைவிட்டத்தில் மூன்று கனமூலங்களையும் வைத்துச் செய்யுங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. 2×2-ல் 1-ஆம் படியில் ஒரே ஓர் அணிதான் சிக்கும். அதை அதன் ஸ்டாரோடு இரண்டு வரிசையிலும் பெருக்கி, கிடைக்கிற இரண்டு அணிகளையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். சுண்ணக்கட்டி என்னிடம் இருக்கிறது.